நம்ம ஊர்ப் படம்னா அது உதிரிப்பூக்கள்தான்!

திருநெல்வேலிக்காரர்கள் நாலு பேர் கூடினால் சினிமாப் பேச்சு எப்படியும் வந்துவிடும். அதில் ஒருவர், "நம்ம ஊர்ப் படம்னா எதைச் சொல்லுவீரு?" என்று கொளுத்திப் போடுவார். அவ்வளவுதான். குற்றாலத்தில் எடுத்தது, பாபநாசத்தில் எடுத்தது, அம்பாசமுத்திரம் வயக்காட்டில் டூயட் எடுத்தது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கடைசிவரை வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு நான், "உதிரிப்பூக்கள்" என்பேன். "அது மேட்டுப்பாளையம் பக்கம் எடுத்ததுல்லா வே!" என்று ஒருத்தர் உடனே மடக்குவார். மடக்கட்டும். மகேந்திரன் கேமராவைக் கொங்கு நாட்டில் வைத்திருக்கலாம். கதையின் வேர் எங்கே இருக்கிறது? நம்ம வண்ணார்பேட்டையில் வளர்ந்த ஒரு மனுஷனிடம். தாயை இழந்த பையனாக அவர் பட்ட பாட்டில்.

அந்த மனுஷன் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் 1906-இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். மாற்றல் ஆகும் இடமெல்லாம் குடும்பமும் போகும். பையனுக்கு எட்டு வயது இருக்கும்போது அம்மா பர்வதத்தம்மாள் இறந்துபோனார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் விருத்தாசலத்துக்குக் கிடைத்தது சோறு; கிடைக்காதது எது என்பதை அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். 1918-இல் அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்கே திரும்பியது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம், இந்துக் கல்லூரியில் பி.ஏ., பிறகு சென்னை, மணிக்கொடி, தினமணி. தமிழ்ச் சிறுகதையைப் புரட்டிப் போட்ட அந்தக் கை, ஒரு கட்டத்தில் தாயில்லாப் பிள்ளைகளைப் பற்றி ஒரு குறுநாவல் எழுதியது. அதுதான் 'சிற்றன்னை'.

இதில் என்னைச் சொக்க வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. புதுமைப்பித்தனுக்குச் சினிமா மேல் தீராத ஆசை. வசனம் எழுதினார். சொந்தமாகவே படம் எடுத்துவிட வேண்டும் என்று கம்பெனி ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ். எட்டு வயதில் பறிகொடுத்த அம்மாவின் பெயரைச் சினிமாத் திரையில் பார்க்க நினைத்தாரோ என்னவோ. எடுக்க இருந்த 'வசந்தவல்லி' படமாகவில்லை. பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனேக்குப் போனார், காசநோயோடு திரும்பினார். 1948-இல் திருவனந்தபுரத்தில் கண்ணை மூடியபோது வயது 42. சினிமா அவருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டியதை வட்டியோடு கொடுக்க அதற்கு இன்னும் 31 வருஷம் பிடித்தது. 1979 தீபாவளி சமயத்தில், ரஜினியின் 'அன்னை ஓர் ஆலயம்' மாதிரிப் படங்களோடு கூட வந்து நின்றது 'உதிரிப்பூக்கள்'.

கொடுத்தவர் மகேந்திரன். இளையான்குடிக்காரர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, எம்.ஜி.ஆர். வந்திருந்த விழா மேடையிலேயே தமிழ்ச் சினிமா வாழ்க்கையை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்று பேசியவர். கோபித்துக்கொள்ள வேண்டிய எம்.ஜி.ஆர். பாராட்டினார், பின்னால் 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதச் சொல்லிக் கூப்பிட்டும் விட்டார். அந்தப் படம் அப்போது நடக்கவில்லை. ஆனால் மகேந்திரன் சினிமாவுக்குள் வந்துவிட்டார். வந்து என்ன எழுதினார் என்கிறீர்கள்? 'தங்கப்பதக்கம்'! எஸ்.பி. சௌத்ரியின் கர்ஜனையை எழுதிய பேனாதான், தன் கைக்கு டைரக்ஷன் வந்ததும் வசனத்தையே பாதிக்கு மேல் அடித்துப் போட்டுவிட்டது. முதல் படம் 'முள்ளும் மலரும்', 1978. அடுத்த வருஷமே 'உதிரிப்பூக்கள்'. எனக்குத் தெரிந்து தமிழில் இதுமாதிரி அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர் அடித்த ஆள் வேறு யாரும் இல்லை.

'சிற்றன்னை'யைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். கதையில் பிள்ளைகளின் அப்பா சுந்தரவடிவேலு படித்த பேராசிரியர். படத்தில் அவர் ஒரு கிராமத்தின் பெரிய மனுஷர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர். சம்பவங்கள் வேறு, ஊர் வேறு, முடிவு வேறு. தன்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பிள்ளைகள்தான் என்று மகேந்திரனே சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளை மட்டும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், அவர்களைச் சுற்றி வேறொரு ஊரையே கட்டிவிட்டார். அவர் நினைத்திருந்தால் சத்தம் காட்டாமல் இதைத் தன் சொந்தக் கதை என்று போட்டுக்கொண்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லை. டைட்டிலில் புதுமைப்பித்தன் பெயரைப் போட்டார் பாருங்கள், அதற்கே நெல்லையில் அவருக்கு ஒரு தெருவுக்காவது பெயர் வைக்கவேண்டும்.

நான் முதலில் பார்த்தது டூரிங் கொட்டகையில். எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய் பாய்கிற கிராமம். பிசானம் அறுப்பு முடிந்து ஜனங்கள் கையில் நாலு காசு புழங்கும்போது கொட்டகை வந்து உட்காரும். ஒரே புரொஜெக்டர். ஒவ்வொரு ரீல் முடியும்போதும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். முறுக்கு, சோடா, கடலை மிட்டாய் எல்லாம் அந்த நேரத்தில் ஓடும். தரை டிக்கெட்டில் பெண்கள் பக்கம் தனி. சின்னப் பையன் என்பதால் எனக்கு ஆச்சி பக்கத்தில் உட்கார அனுமதி உண்டு. கல்யாணப் பாட்டும் கல்யாணச் சண்டையும் இருக்கிற படம் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் ஆச்சி வந்திருந்தாள்.

கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுந்தரவடிவேலுவின் மனைவி லட்சுமி. ஆண் ஒன்று, பெண் ஒன்று என இரண்டு பிள்ளைகள். லட்சுமிக்கு உடம்பு சரியில்லை. சுந்தரவடிவேலுவின் கண் அவள் தங்கை செண்பகம் மேல் விழுகிறது. அவளை எனக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்துவிடுங்கள் என்று மாமனாரிடமே போய்க் கேட்கிறார். கிடைக்கவில்லை. லட்சுமி மேல் பழி போட்டுப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார். அவள் செத்துப்போகிறாள். அவர் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறார். நடுவில் அல்லாடுவது பிள்ளைகள். இவ்வளவுதான். நம்மூரில் எந்தத் தெருவில் கேட்டாலும் இதைப்போல ஒரு கதை கிடைக்கும்.

அந்த மாமனாரிடம் பெண் கேட்கிற காட்சியைத்தான் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். வேறு ஒரு டைரக்டர் என்றால் மீசையை முறுக்க விட்டிருப்பார், பின்னணியில் தபேலாவைப் போட்டு உருட்டியிருப்பார். இங்கே சுந்தரவடிவேலுவாக வரும் விஜயன் ஒரு விவரம் தெரிந்த மாப்பிள்ளை மாதிரிப் பேசுகிறார். குரலை உயர்த்துவதே இல்லை. வெள்ளாமை விஷயம் பேசுவதுபோல, நியாயம் கேட்பதுபோல, மனைவி உடம்புக்கு ஆகாதவள் என்பதையும் மச்சினி வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார். எதிரே சாருஹாசன். அதுதான் அவருக்கு முதல் படம் என்று சத்தியம் செய்தால்கூட நம்ப முடியாது. கமலின் அண்ணன், வக்கீல் தொழில் செய்தவர். பின்னால் 'தபரண கதெ' கன்னடப் படத்துக்காகத் தேசிய விருதே வாங்கினார். இந்தக் காட்சியில் அவர் முகத்தைப் பாருங்கள். கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு வருவது கூச்சம். இப்படி ஒரு வார்த்தையைக் காதால் கேட்க நேர்ந்துவிட்டதே என்கிற கூச்சம். பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன் எவனும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக எழுந்துபோக முடியாது.

கொட்டகையில் பெண்கள் பக்கம் அன்றைக்கு ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "பாவி, பேசுத பேச்சப் பாத்தியாட்டி!" என்று ஒரு அத்தை வாய்விட்டே சொன்னாள். "சத்தமே போட மாட்டங்கானே, நல்லவன் மாதிரில்லா இருக்கான்" என்றாள் இன்னொருத்தி. ஆச்சி அவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஆத்துல சத்தம் கேக்குற எடத்துல தைரியமா எறங்கலாம்ட்டி. சத்தமில்லாம கெடக்கும் பாரு, அங்கனதான் கசம்."

சுந்தரவடிவேலுவைப் பற்றி அதற்குமேல் ஒரு விமர்சகர்கூட எழுதிவிட முடியாது. அதற்குப் பிறகு உதிரிப்பூக்களைப் பற்றி எவ்வளவோ கட்டுரைகள் படித்துவிட்டேன்; ஆச்சியைத் தாண்டி யாரும் போகவில்லை.

விஜயனை அதற்கு முன்னால் 'கிழக்கே போகும் ரயி'லில் பார்த்தவர்களுக்கு அவர் நல்லவர். அந்த நல்ல முகத்தையே கொண்டுவந்து மகேந்திரன் இந்த வேஷத்தில் உட்காரவைத்தது எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரத்தனம்! ஊரில் அவருக்கு மரியாதை உண்டு. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் அவர். வெளியே ஒரு குறை சொல்ல முடியாத ஆள், வீட்டுக்குள் ஒரு பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உயிரோடு அழித்துக்கொண்டிருக்கிறார். அடி உதைக்காவது தழும்பு இருக்கும், பஞ்சாயத்தில் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க நம் நாட்டில் சட்டம் வந்தது 2005-இல். வார்த்தையால் வதைப்பதும் மனசை ஒடிப்பதும் வன்முறைதான் என்று அதில் எழுதிவைத்தார்கள். மகேந்திரன் அதை 1979-லேயே, ஒரு வரி பிரசங்கம் இல்லாமல், தரை டிக்கெட்டுக்குப் புரியும்படி எடுத்துக் காட்டிவிட்டார்.

லட்சுமியாக வரும் அஸ்வினியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும். லட்சுமி அழுது நான் அதிகம் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அவள் ஓய்ந்துபோகிறாள், பார்வையில், நடையில், பிள்ளையைத் தூக்குகிற கையில் ஒரு களைப்பு ஏறிக்கொண்டே போகிறது. 'அழகிய கண்ணே' பாட்டு வரும்போது அந்தக் களைப்பெல்லாம் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விடுகிறது. எஸ். ஜானகி பாடிய ஆயிரக்கணக்கான பாட்டுகளில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்தால் யோசிக்காமல் இதைத்தான் கேட்பேன். ஒரு தாய் தன் பிள்ளைகளோடு இருக்கிற சந்தோஷப் பாட்டு அது. சந்தோஷம்தான், ஆனால் கேட்கிறவனுக்கு நெஞ்சை அடைக்கிறது. இளையராஜா அதை எப்படிச் செய்தார் என்று சங்கீதம் தெரிந்த நண்பர்கள் ராகம், சுரம் என்று விளக்குவார்கள். எனக்கு அதெல்லாம் பிடிபடாது. இந்தச் சந்தோஷம் நிலைக்காது என்று மெட்டுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது, பாடுகிறவளுக்கு இன்னும் தெரியவில்லை. அதுதான் அங்கே நடக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பிள்ளைகள்! பையனாக ஹாஜா ஷெரிப். இரண்டு வருஷம் கழித்து 'அந்த 7 நாட்க'ளில் பாக்யராஜின் சிஷ்யப் பையனாக வந்து நம்மைச் சிரிக்கவைத்த அதே வாண்டு. பெண் குழந்தையாக பேபி அஞ்சு. விவரம் தெரியாத வயசு. தமிழ்ச் சினிமாவில் அதுவரை குழந்தைகள் என்றால் பெரியவர்களுக்குப் புத்தி சொல்வார்கள், சாமி முன்னால் நின்று பாட்டுப் பாடுவார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வசனம் பேசுவார்கள். இந்தப் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருக்கின்றன. நடக்கிறது எதுவும் அவர்களுக்கு முழுசாகப் புரிவதில்லை. பெரியவர்கள் பேசும்போது எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வேடிக்கை பார்க்கிற முகம்தான் நம்மைக் கொல்கிறது. புதுமைப்பித்தன் எட்டு வயதில் எப்படி நின்றிருப்பார் என்று யோசித்துக்கொண்டே நான் இந்தப் படத்தைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் அதன் எடையே வேறு.

கதைக்குப் பெயர் என்னவோ 'சிற்றன்னை'. மாற்றாந்தாய் என்றாலே சூடு போடுகிறவள், பட்டினி போடுகிறவள் என்பது நம் சினிமாவில் எழுதிவைத்த விதி. மகேந்திரன் அந்தச் சுலபமான வழிக்குப் போகவே இல்லை. இந்தப் பிள்ளைகளின் துயரத்துக்குக் காரணம் பெற்ற தகப்பன். பழியைத் தூக்கி ஒரு பெண் தலையில் வைத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாதபடி செய்துவிட்டார்.

அசோக்குமாரின் கேமரா பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. அடுத்த வருஷம் மகேந்திரனுக்கே 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' செய்து தேசிய விருது வாங்கினவர். இந்தப் படத்தில் அவருடைய வெளிச்சம் பெரும்பாலும் வெயிலும் வாசல் வெளிச்சமும்தான். வீட்டுக்குள் எடுத்த காட்சி என்றால் வீட்டுக்குள் இருக்கிற அரைகுறை வெளிச்சமே தெரிகிறது. மரத்தடி, படித்துறை, மண் தெரு என்று எல்லாமே நாம் தினமும் கடந்துபோகிறவை. குறுக்குத்துறையில் காலையில் குளித்துவிட்டு முருகன் கோயில் பக்கம் ஏறி வருகிறவனுக்கு அந்தத் திரையில் வேற்றூர் என்று ஒன்றுமே தோன்றாது. மேட்டுப்பாளையம் என்று எனக்கு யாராவது சொல்லியிருக்காவிட்டால், இது முறப்பநாட்டுக்கும் சீவலப்பேரிக்கும் நடுவில் எங்கேயோ எடுத்தது என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.

எடிட்டிங் பி. லெனின். குடும்பப் படம் என்றால் நமக்கெல்லாம் யார் ஞாபகம் வரும்? பீம்சிங். 'பாகப்பிரிவினை', 'படிக்காத மேதை', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்று பா வரிசையில் தமிழ்நாட்டையே கர்சீப்பை எடுக்கவைத்தவர். அவர் மகன்தான் லெனின். அப்பா அண்ணன் தங்கையைக் கட்டிப்பிடித்துக் கதற வைத்தார். ஜனங்கள் கூடவே கதறினார்கள். மகன் வெட்டி ஒட்டிய இந்தப் படத்தில் கதறல் வரும் முன்னாலேயே காட்சி முடிந்துவிடுகிறது. நாம் அழ ஆரம்பிக்கும்போது திரையில் வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. பாசமலர் எனக்கு இன்றைக்கும் உயிர். சிவாஜியும் சாவித்திரியும் கண்ணீர் விட்டால் நானும் விடுவேன். ஆனால் அந்தக் கண்ணீர் தியேட்டர் வாசலிலேயே காய்ந்துவிடும். உதிரிப்பூக்களின் கண்ணீர் ரெண்டு நாள் கழித்து, சோற்றில் கை வைக்கும்போது வரும்.

இனி அந்தக் கிளைமாக்ஸ். பார்க்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

பிள்ளைகளுக்காக வந்து நிற்கிற செண்பகத்தைச் சுந்தரவடிவேலு மானபங்கப்படுத்துகிறார். அதுவரை தலை குனிந்து கும்பிட்ட ஊர் அன்றைக்குப் பொறுமை இழக்கிறது. எல்லோரும் சேர்ந்து அவரை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருத்தரும் கை ஓங்கவில்லை. நீயே இறங்கிவிடு என்பதுதான் தீர்ப்பு. கரையில் பிள்ளைகள் நிற்கின்றன. அவர் ஊரைப் பார்த்துச் சொல்கிறார்: இதுவரை நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு, உங்கள் எல்லோரையும் என்னைப்போல் ஆக்கிவிட்டதுதான் என்கிற அர்த்தத்தில். பிள்ளைகளிடம் விடைபெறுகிறார். தண்ணீருக்குள் நடக்கிறார்.

அன்றைக்குக் கொட்டகையில் நடந்ததை நான் எப்படிச் சொல்லுவேன்! ரெண்டு மணி நேரமாக அந்த ஆளைக் கரித்துக்கொட்டிய கூட்டம் அது. "இவனுக்கு நல்ல சாவு வருமா" என்று சாபம் விட்ட பெண்கள். சோடாக்காரர் கையில் கிரேட்டோடு அப்படியே நின்றுவிட்டார். ஆம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு தாத்தாவின் குரல் மட்டும் எழுந்தது: "விட்டுருங்கலே... பிள்ளைக நிக்குல்லா... விட்டுருங்கலே!"

திரையைப் பார்த்துக் கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

இந்தப் படத்தை நான் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவதற்கு ஒரே காரணத்தைச் சொல் என்றால் அந்தத் தாத்தாவைத்தான் சொல்லுவேன். கெட்டவன் சாகும்போது கைதட்டவைக்க எந்தப் படத்தாலும் முடியும். கெட்டவன் கெட்டவன்தான் என்பதில் கடுகளவு சந்தேகம் வைக்காமல், அவனுக்காக ஒரு கிழவனைக் கெஞ்சவைக்க முடியுமா? அதுவரை நாம் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். சுந்தரவடிவேலுவின் அந்த ஒரு வசனத்தில் மகேந்திரன் நம் எல்லோரையும் கொத்தாகப் பிடித்து ஆற்றங்கரையில், அந்த ஊர்க்காரர்களோடு நிறுத்திவிட்டார். அவன் சாகவேண்டும் என்று நினைத்தவர்கள்தானே நாமும்? அப்புறம் அந்தப் பிள்ளைகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

இப்படிப்பட்ட ஒரு படம் யாரோ பத்துப் பேர் சங்கத்தில் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போன படம் இல்லை என்பதுதான் பெரிய ஆச்சரியம். ஜனங்கள் பார்த்தார்கள், ஓடியது, வெள்ளிவிழா கண்டது. ஸ்டார் கிடையாது, சண்டை கிடையாது, ஆறும் நாலு வீடும் ஒரு பள்ளிக்கூடமும்தான். அதே காலத்தில்தான் '16 வயதினிலே', 'அவள் அப்படித்தான்', 'பசி', 'அழியாத கோலங்கள்' எல்லாம் வந்தன. சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு பொற்காலம். பின்னால் வந்த டைரக்டர்கள் எத்தனையோ பேருக்கு உதிரிப்பூக்கள்தான் அளவுகோல். மணிரத்னமே இந்தப் படத்தின் கிட்டத்தில் வந்தால் போதும் என்கிற அளவுக்குப் பேசியிருக்கிறார். மகேந்திரன் அதற்கப்புறமும் கதைகளைத் தேடி எழுத்தாளர்களிடம் போய்க்கொண்டே இருந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பொன்னீலன் கதையிலிருந்து 'பூட்டாத பூட்டுகள்', சிவசங்கரி நாவலிலிருந்து 'நண்டு'. 2019-இல் அவர் மறைந்தபோது, 'தெறி' வில்லன் போய்விட்டார் என்று சில பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள். அதுவும் நல்லதுதான், எந்த வாசல் வழியாக வந்தாலும் சரி, உள்ளே வந்தால் போதும்.

என் மகளை அப்படித்தான் உள்ளே கொண்டுவந்தேன். கல்லூரிக்குப் போகிறவள், பழைய படம் என்றாலே போனை எடுத்துக்கொள்வாள். பெண் கேட்கிற காட்சியில் போனைக் கவிழ்த்து வைத்தாள். படம் முடிந்ததும் அவள் கேட்டது கொட்டகைத் தாத்தா கேட்டதற்கு நேர் எதிர்: "அப்பா, ஆத்துக்குக் கூட்டிட்டுப் போக இவ்வளவு பேர் வந்தாங்களே, லட்சுமி உசிரோட இருந்தப்ப இதுல ஒருத்தராவது அந்த வீட்டு வாசல்ல போய் நின்னாங்களா?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. சுந்தரவடிவேலு ஊரைத் தன்னைப்போல் ஆக்கிவிட்டதாகச் சொன்னது அந்தக் கடைசி நாளில் நடந்ததா, இல்லை, லட்சுமி வாடிக்கொண்டிருந்த அத்தனை நாளும் ஊர் பார்த்துக்கொண்டு கும்பிட்டபோதே நடந்துவிட்டதா? இத்தனை காலமாகப் பார்க்கிற எனக்கு இது தோன்றவே இல்லை. படம் அப்படியே இருக்கிறது. பார்க்கிற ஆள் மாறினால் புதிதாக ஒன்று கிடைக்கிறது. கிளாசிக் என்றால் வேறு என்ன?

ஆகவே நெல்லைச் சீமை ஜனங்களுக்கும், நெல்லைச் சீமையில் பிறக்காத துரதிர்ஷ்டசாலிகளுக்கும் என்னுடைய ஒரே விண்ணப்பம் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, வீட்டில் இருக்கிற மூன்று தலைமுறையையும் ஒன்றாக உட்காரவைத்து இந்தப் படத்தைப் போடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். 'சிற்றன்னை'யை முதலில் படிக்காதீர்கள். படம் பார்த்து ஒரு வாரம் கழித்துப் படியுங்கள். அப்போதுதான் ஒரு எழுத்தாளனிடமிருந்து ஒரு டைரக்டர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்கிற ருசி தெரியும். அதற்கப்புறம் நம் கூட்டத்துக்கு வாருங்கள். அந்த ஊர் செய்தது சரியா தப்பா என்று பேசலாம். கொட்டகைத் தாத்தா கட்சியில் நாலு பேர் இருக்கிறோம், என் மகள் கட்சியிலும் ஆள் சேர்ந்துகொண்டு வருகிறது. எந்தக் கட்சி என்று மட்டும் படம் முடிந்த கையோடு முடிவு செய்துவிடாதீர்கள் அண்ணாச்சி. ரெண்டு நாள் ஆகட்டும்.